வாசல் வேம்பு, கொல்லை வாதாம், ஒரு மனு

எங்கள் வீடு திருவொற்றியூர் காலடிப்பேட்டையில் இருக்கிறது. 1986-ல் அப்பா கட்டியது. வாசலில் பத்தடி, பின்னால் பன்னிரண்டடி இடம் விட்டிருந்தார். வாசலில் அம்மா ஒரு வேப்பங்கன்று வைத்தார். பின்பக்கத்து வாதாம் மரத்தை யாரும் வைக்கவில்லை. வவ்வால் போட்ட கொட்டை முளைத்தது என்பார் அம்மா. கடையில் விற்கிற பாதாம் இல்லை. சின்ன வயதில் கல்லால் உடைத்துத் தின்போமே, அந்த நாட்டு வாதாங்கொட்டை. அப்போது திருவொற்றியூர் தனி நகராட்சி. மரம் வைக்கவோ வெட்டவோ எங்கள் தெருவில் யாரும் யாரையும் கேட்டதாக எனக்கு நினைவில்லை. 2011-ல் சென்னை மாநகராட்சியோடு சேர்த்து எங்களை முதல் மண்டலம் ஆக்கினார்கள். சொத்துவரி ரசீதில் தலைப்பு மாறியது தெரியும். வீட்டு வாசல் மரத்துக்கும் அந்தத் தலைப்புக்கும் சம்பந்தம் உண்டு என்பது பதினோரு வருஷம் கழித்துத்தான் தெரிந்தது.

2022 டிசம்பர் 9 ராத்திரி மாண்டஸ் புயல் மாமல்லபுரம் பக்கம் கரை கடந்தது. எங்களுக்கு வெகு தெற்கேதான், ஆனாலும் விடிய விடியக் கடல்காற்று ஊளையிட்டது. காலையில் பார்த்தால் அடுத்த தெருவில் ஒரு குல்மோஹர் வேரோடு சாய்ந்து ஆஸ்பெஸ்டாஸ் கூரையைப் பிளந்துகொண்டு கிடந்தது. நல்லவேளை, ஆளுக்கு ஒன்றும் ஆகவில்லை. அந்த வீட்டம்மா நனைந்த பாயைப் பிழிந்துகொண்டிருந்ததைப் பார்த்துவிட்டு வந்த என் மனைவி, எங்கள் வாசலில் நின்று வேம்பை அண்ணாந்து பார்த்தாள்.

ஜனவரியில் வேம்பு காயத் தொடங்கியது. முதலில் கொழுந்து நுனிகள் கருகின. பதினைந்தே நாளில் வெந்நீர் ஊற்றியதுபோல மரம் முழுக்கப் பழுப்பு. முப்பத்தைந்து வருஷ மரம். செத்துவிட்டது, அடுத்த புயலில் வீட்டின் மேல் விழும் என்று முடிவு கட்டிவிட்டோம். கட்டை வியாபாரி ஒருவரைப் பிடித்தேன். மரத்தை ஒரு சுற்று சுற்றி வந்தார், அடிமரத்தை முழத்தால் அளந்தார், 4,000 ரூபாய் தருகிறேன் என்றார். வெட்டுக்கூலியும் அவருடையது.

“பர்மிஷன் ஏதாவது வாங்கணுமா?” என்று கேட்டேன். கேட்டேன் என்பதை மட்டும் பதிவு செய்துகொள்கிறேன்.

“அத்தெல்லாம் நம்ம கையில இருக்கு சார். நீ ஒண்ணும் கவலப்படாதே.”

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கு ஆட்கள் வந்தார்கள். ஞாயிறு என்றால் எனக்கு லீவு, அதனால்தான் என்று நினைத்தேன். இன்று யாராவது ஞாயிற்றுக்கிழமைதான் வெட்டுவேன் என்று சொன்னால் நான் கதவைத் திறக்க மாட்டேன். பத்து மணிக்குள் மேலே இரண்டு பெரிய கிளைகளை மொட்டையாக இறக்கி, குட்டியானையில் ஒரு லோடு ஏற்றிவிட்டார்கள். பத்தரைக்கு மாநகராட்சியிலிருந்து ஒருவர் பைக்கில் வந்து இறங்கினார். யாரோ மாநகராட்சிப் புகார் எண் 1913-க்குப் போன் போட்டிருக்கிறார்கள். யார் என்று இன்றுவரை தெரியாது. அன்றைக்குக் கோபம் வந்தது. இப்போது தெரிந்தால் ஒரு டீ வாங்கிக் கொடுப்பேன்.

அனுமதிக் கடிதத்தைக் கேட்டார். நான் வியாபாரியைப் பார்த்தேன். வியாபாரி மேலே, மரத்தைப் பார்த்தார். அப்புறம், “நான் கூலிக்கு வந்தவன் சார், ஓனரக் கேளுங்க” என்றார். அதுவரை மரத்தை விலைக்கு வாங்கியவர் ஒரே நொடியில் கூலிக்காரர் ஆகிவிட்டார். நான் உள்ளே போய்ச் சொத்துவரி ரசீது எடுத்து வருவதற்குள் வண்டி லோடோடு கிளம்பிவிட்டது. 4,000 ரூபாயும் அதோடு போயிற்று. அனுமதி இல்லாமல் வெட்டத் தொடங்கியது தவறு, மேற்கொண்டு வெட்டமாட்டேன் என்று என் கைப்பட எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். வெட்டியது யாராக இருந்தாலும் காகிதத்தில் ஏறுவது வீட்டுக்காரர் பெயர்தான்.

கடிதத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு அவர் மரத்திடம் போனார். கைக்கெட்டும் உயரத்தில் விரல் கனச் சிம்பு ஒன்றின் பட்டையைக் கட்டைவிரல் நகத்தால் சுரண்டினார். பழுப்புத் தோலுக்கு அடியில் பச்சை. பச்சரிசி மாவில் கீரைச்சாறு விட்டது போல வெளிர்ப்பச்சை, ஈரத்தோடு.

“இது செத்துடுச்சுன்னு யார் சார் சொன்னாங்க? மார்ச் வரைக்கும் பொறுத்துப் பாருங்க.”

சில வருஷங்களாக மழைக்காலம் முடிகிற நேரத்தில் தமிழ்நாடு முழுக்கவே வேம்புகள் இப்படிக் கருகுகின்றன என்பதை அவர்தான் சொன்னார். தேயிலைக்கொசு என்று ஒரு பூச்சி கொழுந்தில் சாறு உறிஞ்சுகிறது, அந்தப் புண்ணில் பூஞ்சை ஏறுகிறது, நுனியிலிருந்து கீழ்நோக்கிக் காய்கிறது. பெரும்பாலான மரங்கள் வெயில் ஏறியதும் தாமே துளிர்த்துவிடும். எங்களுடையதும் மார்ச் இரண்டாம் வாரம் துளிர்த்தது, மொட்டையடித்த இடத்தைச் சுற்றி, துடைப்பம் மாதிரி. ஆக, டிசம்பரிலும் ஜனவரியிலும் காய்ந்த வேம்பைப் பார்த்து முடிவெடுக்காதீர்கள். ஒரு கிளையில் பழுப்பு என்றால் இன்னொரு கிளையில் சுரண்டுங்கள், அப்புறம் அடிமரத்துக்குப் பக்கத்தில் சுரண்டுங்கள். எங்கேயுமே பச்சை இல்லை, பட்டை தானாகப் பெயர்கிறது என்றால்தான் அது செத்த மரம்.

அதற்குப் பிறகுதான் விதி என்ன என்று உட்கார்ந்து விசாரித்தேன். குழப்பத்துக்குக் காரணம் இருக்கிறது. கர்நாடகத்தில் 1976-லும் டெல்லியில் 1994-லும் மரங்களைக் காப்பதற்கென்றே தனிச்சட்டம் வந்தது. தமிழ்நாட்டில் அப்படி ஒன்று 1955-லேயே வந்தாலும் அது மலைப்பகுதி மரங்களுக்கு. நகரத்து வீட்டு வாசல் மரத்துக்கு ஒரே புத்தகத்தில் பதில் கிடைக்காததால், ‘பட்டா நிலம், என் மரம், என் இஷ்டம்’ என்பதைத்தான் எல்லோரும் சட்டம் என்று நம்புகிறோம். நடைமுறை வேறு. மரம் வெட்டும் விவகாரத்தைப் பார்க்க மாவட்ட ஆட்சியர் தலைமையில் மாவட்டப் பசுமைக் குழு இருக்கிறது. வனத்துறையினரும் அதில் உண்டு. நடைபாதை, தெருவோரம் போன்ற பொது இடத்து மரம் என்றால் பேச்சே இல்லை, அது நம் வீட்டு கேட்டை மறைத்துக்கொண்டு நின்றாலும் நம் மரம் ஆகாது. வீட்டு வளாகத்து மரத்துக்கும் அப்படித்தான்: வாதாமுக்காகப் பிற்பாடு நாங்கள் கொடுத்த மனு மண்டல அலுவலகத்தில் தொடங்கி, நேரில் வந்து பார்த்து, அதற்கு மேலே போய்த்தான் முடிந்தது. கிளை கழிப்பது ஒரு கணக்கு, அடியோடு வெட்டுவது வேறு கணக்கு. முதலாவதுக்குக் கிடைக்கும் பதில் வேகமாகவும் இணக்கமாகவும் வரும். மணலி, மாதவரம் பக்கம் மனை வாங்கியவர்களுக்கு ஒன்று: மனைக்குள் பனை நின்றால் அதற்குத் தனி ஏற்பாடு. மாநில மரம் அது. பனையை வெட்ட ஆட்சியர் அனுமதி வேண்டும் என்று 2021-ன் முதல் வேளாண் பட்ஜெட்டிலேயே அறிவித்துவிட்டார்கள்.

மரத்தடியில் கொடுத்த வாக்கை மீறினால் விளைவு உண்டு என்பது எங்கள் ஊர்க்காரர்களுக்குப் புதுசாகவும் இருக்கக்கூடாது. தியாகராஜர் கோயில் மகிழமரத்தடியில் சங்கிலி நாச்சியாருக்கு ‘உன்னைப் பிரியேன்’ என்று சத்தியம் செய்து கொடுத்துவிட்டு, ஊர் எல்லையைத் தாண்டியதும் கண் பார்வை போனவர் சுந்தரர். சந்நிதியில் சத்தியம் வாங்காதே, மகிழடியில் வாங்கு என்று அந்தப் பெண்ணுக்குச் சொல்லிக் கொடுத்ததும் சிவன்தானாம். மகிழடி சேவைக்கு வருஷா வருஷம் கூட்டத்தில் நசுங்கிப் பார்த்துவிட்டு வருகிறவன்தான் நான்.

சரி, வேம்புக்கு வருவோம். அனுமதி இல்லாததைவிடப் பெரிய சேதம், வெட்டிய விதம். பெரிய கிளையை நடுவில் மொட்டையாக அறுத்தால் அந்த முனையிலிருந்து பத்து இருபது போத்து, அதாவது புதுக்கிளை, ஒரே சமயத்தில் கிளம்பும். பார்க்கச் செழிப்பாக இருக்கும். ஆனால் அவை மரத்தின் உள்வைரத்திலிருந்து வந்தவை அல்ல, பட்டைக்கு அடியில் ஒட்டிக்கொண்டு நிற்பவை. 2023 டிசம்பர் 4 மிக்ஜாம் புயல் வந்தபோது இது கண்ணெதிரே தெரிந்தது. முழங்கால் அளவு தண்ணீரில் நின்று பார்த்துக்கொண்டிருக்கிறேன், எட்டடி உயரத்துக்கு வளர்ந்திருந்த போத்துகள் ஒவ்வொன்றாகப் பட்டையோடு உரிந்து விழுகின்றன. வெட்டாமல் விட்டிருந்த பழைய கிளைகள் ஆடின, ஒன்றுகூட ஒடியவில்லை. பயந்துபோய் எதைச் செய்தோமோ அதுதான் அந்த மரத்தை ஆபத்தான மரமாக ஆக்கியிருந்தது.

எண்ணூர்ப் பக்கமிருந்து வரும் மரமேறும் பெரியவர் ஒருவர்தான் இப்போது அதைப் பார்த்துக்கொள்கிறார். ஒரு முனைக்கு ஒன்றிரண்டு போத்தை மட்டும், நல்ல கோணத்தில் கிளம்பியதாகப் பார்த்து விட்டுவிட்டு மற்றதைக் கழித்தார். இரண்டு வருஷமாக இதே வேலை. அவர் கிளை வெட்டுவதைக் கிட்டத்தில் நின்று பார்த்தேன். கயிறு கட்டிய பிறகு, தண்டிலிருந்து ஒரு முழம் தள்ளி, முதலில் கிளையின் அடிப்பக்கத்தில் கால்வாசி அறுக்கிறார். அப்புறம் அதற்கு நான்கு விரல் தள்ளி மேலிருந்து அறுக்கிறார். கிளை முறிந்து கயிற்றில் தொங்குகிறது, பட்டை கீழ்வரை உரிந்து வருவதில்லை, ஏனென்றால் உரிய வழியில்லாமல் அடியில் ஏற்கெனவே வெட்டியாயிற்று. கடைசியாக மிச்சமிருக்கும் குச்சியை எடுக்கிறார். தண்டோடு கிளை சேரும் இடத்தில் சேலைக் கொசுவம் மாதிரி ஒரு புடைப்பு இருக்கும். அந்தப் புடைப்புக்கு வெளியே, அதைத் தொடாமல் ஒரே வெட்டு. “மொளை மாதிரி நீட்டினு விட்டா அழுவிப் போவும். ஒட்ட வழிச்சாலும் புண்ணு மூடாது தம்பி” என்றார். தார் பூசட்டுமா என்று நான் டப்பாவோடு நின்றேன். வேண்டாம் என்று கையை ஆட்டினார். அந்த வட்டப் புண்ணை ஒரு வருஷத்தில் ஓரத்திலிருந்து பட்டை தானாக உருண்டு வந்து பாதி மூடியிருக்கிறது.

எப்போது கழிப்பது என்று கேட்டால், எங்கள் ஊருக்கு ஆகஸ்ட், செப்டம்பர். வடகிழக்குப் பருவமழைக்கு முன்னால் பாரம் குறைந்துவிடும், புண் ஆறவும் நாள் கிடைக்கும். கோடையில் காக்கை கூடு கட்டியிருக்கும். வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 1972, பறவையின் முட்டையைச் சேதப்படுத்துவதையும் கூட்டைக் கலைப்பதையும்கூட வேட்டை என்ற சொல்லுக்குள்தான் வைத்திருக்கிறது. சட்டத்தை விடுங்கள், குஞ்சு இருக்கும்போது மரத்தில் ஏறிப் பாருங்கள், காக்கை தலையில் கொத்தியே சொல்லிவிடும்.

கம்பிக்குப் பக்கத்தில் போகிற கிளையை நீங்களும் வெட்டாதீர்கள், ஆளையும் ஏற்றாதீர்கள். ஈரக்கிளை மின்சாரத்தைக் கடத்தும், இரும்புத் தொரட்டி இன்னும் நன்றாகக் கடத்தும். மின்வாரியத்தின் புகார் மையமான மின்னகம் எண் 94987 94987-ல் பதிவு செய்தேன். லைன் நிறுத்தும் நாளைச் சொன்னார்கள், அன்றைக்குப் பெரியவரையும் வரச்சொல்லிவிட்டேன். இது முக்கியம். கம்பிக்கு இடையூறான பக்கத்தை எடுப்பதோடு மின்வாரியத்தார் வேலை முடிகிறது, மரம் ஒரு பக்கமாகச் சாய்கிறதா என்று பார்ப்பது நம் வேலை. தெருப்பக்கம் எடை போனதும் எதிர்ப்பக்கமும் கொஞ்சம் குறைத்துச் சமன் செய்தோம்.

வாதாம் மரத்தின் கதை இப்படி நல்லபடியாக முடியவில்லை. அதை வெட்டித்தான் ஆகவேண்டியிருந்தது.

கொல்லையில் காம்பவுண்ட் சுவருக்கு நாலு விரல் இடைவெளியில் முளைத்த மரம். கன்றாக இருந்தபோதே பிடுங்கியிருக்கலாம், நிழல் என்று விட்டுவிட்டோம். 2024 தொடக்கத்தில் பக்கத்து வீட்டு அக்கா கூப்பிட்டுக் காட்டினார். அவர்கள் பக்கம் சுவர் கர்ப்பிணி வயிறு மாதிரி தள்ளியிருந்தது. மேலிருந்து கீழே ஒரு விரிசல், என் சுண்டுவிரல் உள்ளே போகிறது.

“தம்பி, நானும் ரெண்டு வருஷமா பாக்குறேன். அந்தப் பக்கம் எம் பேரன் வெளையாடுறான்.”

அதே சமயம் எங்கள் சாக்கடைச் சேம்பரும் அடைத்துக்கொண்டே இருந்தது. திறந்து பார்த்தால் குழாய் வாயிலிருந்து வேர், அவிழ்த்த சடை மாதிரி, ஒரு முழ நீளத்துக்கு. வேர் குழாயை உடைக்கிறது என்று சொல்வார்கள். உண்மையில் பெரும்பாலும் குழாய்தான் முதலில் கசிகிறது. சிமென்ட் பூசிய பழைய இணைப்பில் வழியும் ஈரத்தைத் தேடி மயிரிழையாக நுழைந்த வேர் உள்ளே போய்த் தடிக்கிறது. ஆகவே குழாய் மட்டும்தான் பிரச்சினை என்றால் குழாயை மாற்றுங்கள், மரத்தை விட்டுவிடுங்கள். நாங்கள் அந்தப் பகுதிக்குப் பிவிசி போட்டோம், அடைப்பு நின்றுவிட்டது. சுவருக்குத்தான் மாற்று இல்லாமல் போயிற்று.

இந்த முறை மனு எழுதினேன். முதல் மனு திரும்பி வந்தது, தப்பு என்னுடையது. ‘மரம் இடையூறாக உள்ளது, அகற்ற அனுமதி வேண்டும்’ என்று இரண்டு வரி எழுதி, தூரத்திலிருந்து எடுத்த ஒரு போட்டோவை வைத்திருந்தேன். பார்க்க வருகிறவர் மனசில் இருக்கும் கேள்வி ஒன்றுதான்: கிளையைக் கழித்தால் போதாதா? மனுவில் அதற்குப் பதில் இல்லை என்றால் அந்த மனு நிற்காது. இரண்டாவது மனுவில் சுவரிலிருந்து அடிமரத்துக்கு எத்தனை அங்குலம் என்று டேப் பிடித்து ஒரு போட்டோ, விரிசலில் அளவுகோல் வைத்து இரண்டு பக்கமிருந்தும் போட்டோ, வேர்ச்சடை போட்டோ, குழாய் மாற்றிய ரசீது, தரையிலிருந்து மார்பு உயரத்தில் அடிமரச் சுற்றளவு, கையால் வரைந்த வீட்டு வரைபடத்தில் மரம், சுவர், கம்பி, சேம்பர் எல்லாம் எங்கே என்ற குறிப்பு, சொத்துவரி ரசீது நகல், பக்கத்து வீட்டு அக்காவின் சம்மதக் கடிதம். கிளை கழித்தால் ஏன் தீராது என்பதற்கு நாலு வரி. கொடுத்ததற்கு ஒப்புகைச் சீட்டு வாங்கி வைத்துக்கொண்டேன். வந்து பார்த்தவர் பத்து நிமிஷம்தான் நின்றார். கேட்க அவருக்கு ஒன்றும் மிச்சமில்லை.

அக்காவின் கடிதம் வாங்கப் போனபோது ஒன்று புரிந்தது. அவர் மனசு வைத்திருந்தால் என்னைக் கோர்ட்டுக்கு இழுத்திருக்கலாம். வக்கீல் நண்பர் ஒருவர் சொன்னார்: விழுந்து ஆளுக்குக் காயம் ஏற்படுத்தும் நிலையில் மரம் இருந்தால், அதை அகற்றவோ முட்டுக் கொடுக்கவோ சொல்லி உரிமையாளருக்கு நிர்வாக நடுவர் உத்தரவு போடலாம். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் அது 133-ஆம் பிரிவு. 2024 ஜூலை 1-லிருந்து பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் 152. பக்கத்து வீட்டு மரம் சாய்ந்து நிற்கிறது, சொன்னாலும் கேட்கமாட்டேன் என்கிறார் என்று தவிப்பவர்களுக்கு இது பயன்படும். சண்டைக்கு முன்னால் போட்டோவும் ஒரு பதிவுத் தபாலும் இருக்கட்டும். ‘எனக்குத் தெரியாது’ என்று பிற்பாடு யாரும் சொல்ல முடியாது.

எல்லை தாண்டி வரும் கிளை விஷயத்தில் எனக்கே எதிர்ப்பக்க அனுபவமும் உண்டு. அதே அக்காவின் முருங்கை எங்கள் மாடிக்கு மேல் சாய்ந்திருக்கிறது. ஐப்பசி வந்தால் கொடியில் காயும் துணியெல்லாம் கம்பளிப்பூச்சி. எல்லைக்கு இந்தப் பக்கம் வந்த கிளையை நம் இடத்தில் நின்றுகொண்டு எல்லைக்கோடு வரை வெட்ட நமக்கு உரிமை உண்டு, அவர்கள் இடத்துக்குள் காலை வைக்க உரிமை இல்லை, வெட்டிய கிளையும் அதில் தொங்கும் காயும் மரத்துக்காரருடையது. இவ்வளவு சட்டமும் தெரிந்த நான் செய்தது என்ன? “அக்கா, கொஞ்சம் கழிச்சுவிடட்டுமா?” என்று கேட்டேன். கழித்தேன். அவர் ஒரு கட்டு முருங்கைக்காயை என் கையிலேயே கொடுத்தனுப்பினார்.

அனுமதி வந்தது, ஒரு மரத்துக்குப் பத்துக் கன்று நடவேண்டும் என்ற நிபந்தனையோடு. முப்பதடி அகல மனையில் பத்து மரமா என்று சிரிப்பு வந்தது. வீட்டிலேயே நடவேண்டியதில்லை, எங்கே நட்டோம் என்று காட்டினால் போதும் என்று தெரிந்தபின் நிம்மதி. என் பையன் படித்த பள்ளியில் பூவரசும் புங்கனுமாக எட்டு, தெருமுனையில் கேட்டுக்கொண்டு ஒன்று, கொல்லையில் சுவரிலிருந்து ஆறடி தள்ளி ஒரு மகிழங்கன்று. நர்சரியில் சீக்கிரம் வளரும் என்று கோனோகார்பஸைத்தான் முதலில் காட்டினார்கள். பச்சைப்பசேல் என்று ஆசையாகவும் இருந்தது. வாங்காதது அதிர்ஷ்டம், 2025 ஜனவரியில் தமிழக அரசே அதை வளர்க்கவும் விற்கவும் தடை போட்டது.

வெட்டுவதற்கு 14,000 ரூபாய் ஆனது. வியாபாரி எனக்குப் பணம் கொடுத்த காலம் போய் நான் பணம் கொடுத்த காலம். ஆனால் வித்தியாசம் வேலையில் தெரிந்தது. மரத்தைச் சாய்க்கவில்லை. வாதாமின் கிளைகள் குடை அடுக்கு மாதிரி தட்டுத்தட்டாக இருக்கும். மேல் தட்டிலிருந்து ஒவ்வொரு தட்டாக, துண்டு துண்டாகக் கயிற்றில் இறக்கினார்கள். பக்கத்து வீட்டுப் பேரனை அன்றைக்குச் சித்தி வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அனுமதிக் கடிதத்தின் நகலைக் கேட்டிலேயே ஒட்டிவைத்தேன். இரண்டு பேர் நின்று படித்துவிட்டுப் போனார்கள்.

அடிக்கட்டையைத் தோண்டி எடுக்கவேண்டாம் என்றார் பெரியவர். எங்கள் மண் கடல்மணல். சுவர் அஸ்திவாரத்துக்கு அடியில் போன வேரை இழுத்தால் மணல் சரிந்து மிச்சச் சுவரும் வந்துவிடும். விட்டுவைத்தால் வேர் மெல்ல மக்கும், மக்கிய இடத்தில் குழி விழும், மழைக்குப் பின்னால் பார்த்துப் பார்த்து மண் போட்டு இடிக்கவேண்டும். ஒரு வருஷம் பொறுத்துத்தான் சுவரைப் பிரித்துக் கட்டினோம். வாசலில் வேம்பைச் சுற்றி அடிமரம் வரை போட்டிருந்த சிமென்ட்டையும் அதே கொத்தனாரை வைத்து ஒரு மீட்டர் வட்டத்துக்குக் கொத்தி எடுத்துவிட்டேன். டெல்லி மரங்களுக்கு 2013-ல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் சொன்ன அளவு அது. காலடிப்பேட்டை வேம்புக்கும் அளவு சரியாகத்தான் இருக்கிறது. அந்தச் சிமென்ட்டைப் போட்டதும் நான்தான், கார் நிறுத்த.

போன மாதம் வாதாம் கட்டையின் ஓரத்தில் சிவப்பாக ஐந்தாறு துளிர் வந்திருக்கிறது. வளரவிட்டால் பழையபடி சுவர்தான். கிள்ளுவதற்கும் மனு கொடுக்கவேண்டுமோ என்று பெரியவரிடம் பாதி விளையாட்டாகக் கேட்டேன். அவர் குனிந்து இரண்டு விரலால் ஒவ்வொன்றாகக் கிள்ளிப் போட்டுக்கொண்டே, “பென்சில் தடிமன் ஆவறதுக்குள்ள வாரத்துக்கு ஒரு தபா பாரு தம்பி” என்றார். சனிக்கிழமை துணி துவைத்த கையோடு அதைப் பார்க்கிறேன்.